யார் யாருக்காகக் காத்திருக்கிறார்கள்

பின்பக்கக் கேட்டில் ஒரு பதிவேடு இருந்தது. கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்ட பேனா. பெயர், யாரைப் பார்க்க, என்ன காரியம், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து என்று கட்டங்கள். வாரத்தில் மூன்று நாள் வீதம் நான்கு வருடம் அதில் எழுதியிருக்கிறேன். ‘என்ன காரியம்’ என்ற கட்டத்தில் எப்போதும் ஒரே சொல்தான்: டியூஷன்.

அந்த வீட்டுப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். போக ஆரம்பித்தபோது அவனுக்குப் பதினொரு வயது. மிகப் பெரிய பணக்காரர்கள். எவ்வளவு பெரிய என்று விவரித்து அவர்களை அடையாளம் காட்ட எனக்கு விருப்பம் இல்லை. நான் வளர்ந்தது வாடகை வீட்டில், ஒரே ஆளின் சம்பளத்தில். இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவே வாரம் மூன்று முறை போய் வந்ததில் எனக்குப் பிடிபட்ட சில விஷயங்களை எழுதுகிறேன். இதே மாதிரி வீடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு உதவலாம். தங்களைவிடப் பல மடங்கு வசதியான நண்பர்கள் உள்ளவர்களுக்கும் உதவலாம்.

ஒரு நாள் நல்ல மழை. வாட்ச்மேன் அண்ணன் இன்டர்காமில் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தார். நான் சும்மா இருக்காமல் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினேன். பிசியோதெரபிஸ்ட், ஏசி மெக்கானிக், இசை ஆசிரியர், நாய்க்குப் பயிற்சி கொடுப்பவர், தையல்காரர், வக்கீல் ஆபீஸ் பையன். எல்லோர் பெயருக்கும் எதிரே நேரம் இருந்தது. முன்வாசல் வழியாக வருகிறவர்கள் இந்த நோட்டில் எழுதுவதில்லை. அவர்கள் வந்தால் கதவு திறந்துவிடும்.

என் பெயருக்கு எதிரே இருந்த நேரங்களை ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டேன். வகுப்பு எப்போது தொடங்கியது, என்ன பாடம் நடத்தினேன் என்று என் டைரியில் எப்போதும் எழுதி வைப்பேன். அன்று ராத்திரி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்தேன். மூன்று மாதத்தில் 36 வகுப்பு. ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் சராசரியாக 35 நிமிடம் காத்திருந்திருக்கிறேன். மொத்தம் 21 மணி நேரம். ஒரு வகுப்பு ஒன்றரை மணி நேரம் என்பதால், அது 14 வகுப்புக்கான நேரம். பையன் நீச்சலிலிருந்து வரவில்லை, தூங்குகிறான், யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. அந்த 35 நிமிடத்தால் எனக்கு எட்டு மணி பஸ் தவறும். அதற்கடுத்த பஸ்ஸில் வீடு சேர்ந்தால் ராத்திரி நடத்தும் இன்னொரு வகுப்பு போய்விடும். அதையும் கணக்கில் சேர்த்தால் நஷ்டம் இரண்டு மடங்கு.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு கோபம் இருந்தது. என் நேரத்துக்கு இவர்களிடம் மதிப்பே இல்லை, தெரிந்துதான் உட்கார வைக்கிறார்கள் என்று நினைத்தேன். தாளை எடுத்துக்கொண்டு போய்ப் பையனின் அம்மாவிடம் நேராகக் காட்டினேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“இதை ஏன் மிஸ் இத்தனை நாளாச் சொல்லல?”

வீட்டு வேலைகளை மேற்பார்க்கும் மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டார். “அவங்க எதுவும் சொல்லலையே மேடம்” என்றார் அவர். பிறகு யோசித்தபோது எனக்கு விளங்கியது. நான் வந்திருப்பதை வாட்ச்மேன் அண்ணன் உள்ளே வேலை பார்க்கும் அக்காவிடம் சொல்வார். அக்கா மேனேஜரிடம் சொல்வார். டீச்சர் காத்திருக்கிறார் என்ற சின்ன விஷயத்தை மேடத்திடம் கொண்டுபோகவா என்று மேனேஜர் விட்டுவிடுவார். மூன்று பேரும் நல்லவர்கள். அந்த அம்மாவை எதுவும் தொந்தரவு செய்யக் கூடாது என்பதுதான் மூன்று பேருக்கும் சம்பளம் வாங்கும் வேலை. அந்த வேலையை ஒழுங்காகச் செய்ததால் என் 21 மணி நேரம் அவர் கண்ணிலேயே படவில்லை.

பெரிய பணம் என்ன செய்கிறது என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். அது ஒருவரைக் காத்திருப்பதிலிருந்து விடுவிக்கிறது. நமக்கெல்லாம் உலகம் எங்கே உரசுகிறதோ, அங்கேயெல்லாம் அவர்களுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கிறார். உரசல் தெரியாமலே வாழ்க்கை போகிறது. அதனால் அவர்கள் கெட்டவர்கள் ஆகிவிடுவதில்லை. ஆனால் தெரியாமல் போகும் விஷயங்கள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகின்றன.

அன்றைக்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் கேட்டில் நுழையும் நிமிடத்திலிருந்து வகுப்பு நேரம் ஓடும். பையன் வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றரை மணி நேரத்தில் நான் கிளம்பிவிடுவேன். இரண்டே வாரத்தில் காத்திருப்பு நின்றுவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு நான் சொல்வது: இடையில் இருப்பவர்களிடம் முறையிட்டுப் பயனில்லை, முடிவெடுப்பவரிடம் பேசுங்கள். மனக்குறையாகச் சொல்லாமல் கணக்காகச் சொல்லுங்கள். “ரொம்ப நேரம் காக்க வைக்கிறீங்க” என்று சொல்லியிருந்தால் ஒரு மன்னிப்போடு முடிந்திருக்கும். தாளில் இருந்த 21 மணி நேரத்தை யாரும் அப்படித் தள்ளிவிட முடியவில்லை.

சம்பளத்திலும் இதே கதைதான். ஒன்றாம் தேதி வரவேண்டியது சில மாதம் பத்தாம் தேதி வரும், ஒரு முறை இருபதுக்குப் போனது. அவர்களிடம் பணத்துக்கா குறை? ஒன்றாம் தேதி என்று ஒன்று அவர்கள் வாழ்க்கையில் இல்லை, அவ்வளவுதான். என் வீட்டில் மாதமே அந்தத் தேதியில்தான் தொடங்கும். வாடகை, அம்மாவின் மருந்து, தம்பியின் ஃபீஸ் எல்லாம் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு மாதமும் போனில் “மேடம், இந்த மாசத்துது...” என்று இழுக்கும்போது நாக்கு ஒட்டிக்கொள்ளும். தாமதத்தைவிட அந்தக் கேட்பதுதான் எனக்குப் பெரிய வலி. கடைசியில், மாதாமாதம் அதே தேதியில் பணம் தானாகவே என் கணக்குக்கு வரும்படி வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துவிடச் சொன்னேன். ஒரு கையெழுத்தில் முடிந்தது. நினைவில் வைத்துக்கொள்ளும் வேலை அவர்களுக்கு இல்லை, கேட்கும் வேலை எனக்கு இல்லை. வேலைக்குச் சேரும் முதல் நாளே இதைப் பேசிவிடுங்கள். முதல் நாள் கேட்டால் அது நிபந்தனை, ஆறாவது மாதம் கேட்டால் குறை சொல்வது போல ஆகிவிடும்.

அவர்கள் வீட்டு விழா ஒன்றுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். பாதி மாத வருமானத்தைக் கொடுத்து உடை வாங்கினேன். அங்கே யாரும் அதைப் பார்க்கக்கூட இல்லை. அந்த மாதம் அம்மாவின் மருந்தைப் பத்து நாள் கழித்துத்தான் வாங்க முடிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறாது. அவர்களுக்குச் சமமாகத் தெரியவேண்டும் என்று ஒரு பைசா செலவழிக்காதீர்கள்.

பையனைப் பற்றிச் சொல்லவேண்டும். முதல் வாரமே அவன் என்னை நிறுத்திச் சொன்னான்: “மிஸ், இந்த முறை எனக்குப் புரியல. வேற மாதிரி சொல்லுங்க.” மரியாதையாகத்தான் சொன்னான். நான் திகைத்துப்போனேன். பன்னிரண்டு வருடப் பள்ளி வாழ்க்கையில் ஒரு ஆசிரியரிடமும் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை. புரியவில்லை என்றால் அது என் தப்பு என்றுதான் நினைத்து வளர்ந்தேன். அனெட் லாரோ என்ற சமூகவியலாளர் அமெரிக்கக் குடும்பங்களுக்குள் போய் உட்கார்ந்து கவனித்து 2003-இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு டாக்டரிடம் கேள்வி கேட்கவும் ஆசிரியரிடம் தன் தேவையைச் சொல்லவும் பெற்றோர் சின்ன வயதிலேயே பழக்கிவிடுகிறார்கள். உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் அதிகாரத்தில் இருப்பவர்கள் முன்னால் ஒதுங்கி நிற்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஒன்று சரி, மற்றது தப்பு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பள்ளியும் ஆஸ்பத்திரியும் அலுவலகமும் கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் வளைந்து கொடுக்கின்றன.

அந்த வாக்கியத்தை நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். என் வீட்டில் ராத்திரி படிக்க வரும் பிள்ளைகளுக்கு அதை வாய்விட்டுச் சொல்லிப் பழக்கினேன். “புரியல, வேற மாதிரி சொல்லுங்க.” முதலில் சிரித்தார்கள், வெட்கப்பட்டார்கள். ஒரு சிறுமிக்கு மட்டும் மூன்று வாரம் குரலே எழும்பவில்லை. நான்காவது வாரம் பின்னம் நடத்திக்கொண்டிருந்தபோது கையைத் தூக்கிச் சொன்னாள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது.

அவனுக்குத் தெரியாதவையும் இருந்தன. ஒரு நாள் ஒரு கணக்கு: காலை 7.40 பஸ்ஸை ஒருவர் தவறவிடுகிறார், அடுத்த பஸ் ஐம்பது நிமிடம் கழித்து, பயணம் 45 நிமிடம், ஒன்பது மணி வேலைக்கு எவ்வளவு தாமதம்? பென்சிலை வைத்துவிட்டுக் கேட்டான்: “ஏன் மிஸ் அடுத்த பஸ்ஸுக்கு வெயிட் பண்ணணும்? வேற வண்டில போயிடலாமே?”

திமிர் இல்லை. நிஜமாகவே தெரியவில்லை. அடக்கிவிட்டு விடையை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். நான் கணக்கை ஓரம் வைத்துவிட்டு, வேறு வண்டி ஏன் இல்லை, 15 நிமிடம் தாமதமானால் அரை நாள் கூலி எப்படிப் பிடிப்பார்கள் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், “நீங்க எதுல வர்றீங்க?” என்றான். இரண்டு பஸ் மாறி வருகிறேன் என்றேன். வேறு ஒன்றும் பேசவில்லை. அடுத்த வகுப்புக்கு நான் போனபோது, பதிவேட்டுக்குப் பக்கத்தில் புத்தகத்தை வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

அவனுக்குப் பதினான்கு வயதானபோது சதவீதம் நடத்தினேன். 2022-ஆம் ஆண்டின் உலக ஏற்றத்தாழ்வு அறிக்கையில் இருந்த எண்களை எடுத்து, நூறு பேருக்கு நூறு பென்சில் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். உலகத்தின் சொத்தை அப்படிப் பிரித்தால் மேலே இருக்கும் பத்துப் பேருக்கு 76 பென்சில். நடுவில் இருக்கும் 40 பேருக்கு 22. கீழே இருக்கும் 50 பேருக்கு மொத்தமாக இரண்டு. அவன் கூட்டிப் பார்த்தான், நூறு வந்தது. மறுபடி கூட்டினான். “மிஸ், இதுல பிரின்ட்டிங் மிஸ்டேக் இருக்கு” என்றான். இல்லை என்றேன். டப்பாவிலிருந்து இரண்டு பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இனி நட்பு. இது வேறு ஆளைப் பற்றியது, என் கல்லூரித் தோழி. அவள் வீடும் அந்த மாதிரிதான். வார இறுதிப் பயணம், பெரிய ஓட்டல் என்று கூப்பிடுவாள். எனக்குக் கட்டாது என்று சொல்ல வாய் வராமல் தலைவலி, அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, வேலை இருக்கிறது என்று இரண்டு வருடம் ஏதாவது சொல்லிக்கொண்டே வந்தேன். அவளும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். பிறகு ஒரு நாள் நேரிலேயே கேட்டாள்: “உனக்கு என்னைப் பிடிக்காதுன்னு எப்பவோ சொல்லியிருக்கலாமேடி.” அழுதுவிட்டேன். என் நிலைமையைச் சொன்னேன். பணம் இல்லாததை நான் மறைத்தேன், அவளோ அன்பு இல்லை என்று படித்திருக்கிறாள்.

அதற்கப்புறம் நான் சாக்குச் சொல்வதில்லை. தொகையைச் சொல்லிவிடுவேன். “இந்த மாசம் என்னால இவ்வளவுதான் முடியும், இதுக்குள்ள எங்கயாவது போலாமா?” எண் தெரிந்துவிட்டால் அவளுக்கும் யோசிக்க எளிதாக இருக்கிறது. அவள் கொடுக்கும் பரிசுக்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்க முயல்வதையும் விட்டுவிட்டேன். அவளிடம் கடன் மட்டும் வாங்குவதில்லை. அவளுக்கு அது மறந்துபோகிற தொகையாக இருக்கும், எனக்கு ஒவ்வொரு சந்திப்பிலும் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஆனால் விவரம் கேட்பேன், தயங்காமல் கேட்பேன். தம்பி படிப்பு முடித்தபோது, “இந்தத் துறையில யார்கிட்டப் பேசணும், இன்டர்வியூல என்ன கேப்பாங்க?” என்று கேட்டேன். அரை மணி நேரம் போனில் சொன்னாள். எங்கள் சொந்தபந்தம் முழுக்கத் தேடியிருந்தாலும் அந்த விவரம் கிடைத்திருக்காது.

ராஜ் செட்டி என்ற பொருளாதார அறிஞரும் அவர் குழுவினரும் 2022-இல் ‘நேச்சர்’ இதழில் இதை அளந்து காட்டினார்கள். அமெரிக்காவில் ஃபேஸ்புக் பயன்படுத்தும் 7 கோடிக்கும் மேற்பட்டவர்களின் 2,100 கோடி நட்புத் தொடர்புகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏழைக் குழந்தைகளுக்கு வசதியான வீட்டு நண்பர்கள் நிறையக் கிடைக்கும் ஊர்களில், அந்தக் குழந்தைகள் வளர்ந்து சம்பாதிப்பது கூடுதலாக இருக்கிறது. வசதியான குழந்தைகளுக்கு இருக்கும் அதே அளவு வசதியான நண்பர்கள் அவர்களுக்கும் இருக்கும் இடத்தில் வளர்ந்தால் வருமானம் சராசரியாக 20 சதவீதம் உயரும் என்று கணக்கிட்டார்கள். இன்னொன்றும் சொன்னார்கள், எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. இரண்டு வர்க்கமும் நட்பாகாமல் இருப்பதில் பாதிதான் சந்திக்க வாய்ப்பே இல்லாததால். மீதிப் பாதி, ஒரே பள்ளியில் ஒரே கூரையின் கீழ் இருந்தும் ஒட்டாமல் போவதால்.

ஒட்டாமல் போகும்படி கட்டியே வைத்திருக்கிறோம். நியூயார்க்கில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் குறைந்த வாடகைக்காரர்களுக்குத் தனி வாசல் வைத்தது 2014-இல் பெரிய சர்ச்சையானது. லண்டனில் ஒரு குடியிருப்பில், மானிய வீடுகளில் இருக்கும் குழந்தைகள் பக்கத்துப் பொது விளையாட்டிடத்துக்குள் போக முடியாதபடி செடிவேலி வைத்து அடைத்திருந்தது 2019-இல் வெளியே வந்தது. கத்ரின் டிசெல்ஸ், மைக்கேல் நார்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-இல் விமானப் பயணங்களைப் பார்த்தார்கள். முதல் வகுப்பு இருக்கும் விமானங்களில் சாதாரண வகுப்பில் தகராறு நடப்பது, அது இல்லாத விமானங்களைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. முன்வாசலில் ஏறி முதல் வகுப்பைக் கடந்து போகவேண்டியிருந்தால் இன்னும் அதிகம். இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பின்பக்கக் கேட் நினைவுக்கு வந்தது. அங்கே நுழைந்த நாட்களில் எல்லாம் எனக்குள் என்ன எரிந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அதனால்தான், நான் மேலே சொன்ன யோசனைகள் ஒரு ஆளைக் காப்பாற்றும், பிளவை மூடாது. மூடவேண்டும் என்றால் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கும் இடங்கள் வேண்டும். ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-இலேயே இதை விளக்கினார். ஒரு பொதுப் பள்ளி மோசமானால் தரத்தில் அக்கறையும் வசதியும் உள்ளவர்கள் முதலில் விலகித் தனியார் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்கள் போகும்போது, சொன்னால் மேலே கேட்கும் அந்தக் குரலும் கூடவே போய்விடுகிறது. மிச்சம் இருப்பவர்கள் கத்தினாலும் யார் காதிலும் விழாது. பள்ளி இன்னும் மோசமாகும்.

இதை நான் கண்ணால் பார்த்தேன். பையனுக்கு ஒரு அடையாள ஆவணம் புதுப்பிக்கவேண்டியிருந்தது. கைரேகையும் புகைப்படமும் அவனே போய்க் கொடுத்தால்தான் செல்லும். மேனேஜரை அனுப்ப முடியாது. அம்மாவும் பிள்ளையும் போனார்கள். அந்த அலுவலகம் எனக்கு நன்றாகத் தெரியும். உட்கார இடம் கிடையாது, டோக்கன் எண்ணை ஒருவர் உள்ளிருந்து கூப்பிடுவார், காதில் விழாவிட்டால் போச்சு. நான் இரண்டு முறை அங்கே நாள் முழுக்க நின்றிருக்கிறேன். அவர்கள் மூன்று மணி நேரம் நின்றார்கள்.

அன்று மாலை பாடமே நடக்கவில்லை. “ஒரு பாட்டி தரையில உக்காந்திருந்தாங்க மிஸ். அவங்க நம்பரைக் கூப்பிட்டது அவங்களுக்குக் கேக்கவே இல்ல. நான் போய்ச் சொன்னேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த அம்மா உடனே ஒரு கடிதம் எழுதினார், யாருடனோ போனில் பேசினார். அந்த அலுவலகத்தில் வருடக்கணக்கில் எத்தனை பேர் புகார்ப் பெட்டியில் சீட்டுப் போட்டிருப்பார்கள்! நானும் ஒன்று போட்டிருக்கிறேன்.

போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். சுவர் ஓரமாக மூன்று வரிசை நாற்காலி போட்டிருந்தார்கள். எண் தெரியும் பலகை ஒன்று மேலே எரிந்துகொண்டிருந்தது. அம்மா முதலில் உட்காரவில்லை, யாராவது எழுந்திரிக்கச் சொல்வார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “உக்காரும்மா, இது எல்லாருக்கும்தான்” என்றேன். எங்கள் எண் 64. பலகையில் 41 ஓடிக்கொண்டிருந்தது.